பழைய டிஷ்வாஷர் ஒழுகுகிறதா? எப்போது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்குச் சமையலறையோடு சேர்ந்து முப்பது, நாற்பது வயதான டிஷ்வாஷர் ஒன்றும் வந்து வாய்ப்பது உண்டு. கனமான கதவு, கடகடவென்று திரும்பும் டயல், உள்ளே எஃகின் மேல் பீங்கான் பூசிய தொட்டி. ஒருநாள் தரையில் தண்ணீர் தேங்கி நின்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க." வாங்கலாம், தப்பில்லை. தண்ணீர்ச் செலவிலும் புதுசுதான் மேல்; 1994-க்கு முந்தைய மெஷின்கள் ஒரு சுற்றுக்கு இன்றைய மெஷினைப் போல இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் குடிக்கும். ஆனால் அந்தக் காலத்து மெஷின்களை ஸ்க்ரூவைக் கழற்றிப் பிரிக்க முடியும், திரும்பச் சேர்க்கவும் முடியும். பல ஒழுகல்கள் ஒரு ரப்பர் வளையத்திலோ ஒரு கிளாம்பிலோ முடிந்துவிடுகின்றன.

இந்தக் கட்டுரையில் நான் மனதில் வைத்துப் பேசுவது ஹோபார்ட் கம்பெனி தயாரித்த கிச்சன்எய்ட் மெஷின்களை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு 1886-இல் காப்புரிமை வாங்கிய ஜோசஃபின் காக்ரேன் தொடங்கிய கம்பெனியை 1926-இல் ஹோபார்ட் வாங்கியது. 1949-இல் கிச்சன்எய்ட் என்ற பெயரில் வீட்டு மெஷின் வந்தது. 1986-இல் கிச்சன்எய்ட், வேர்ல்பூலின் கைக்கு மாறியது. இந்த வருடங்கள் உதிரிபாகம் தேடும்போது உதவும். உங்களுடையது வேறு கம்பெனியின் பழைய மெஷினாக இருந்தாலும் கவலையில்லை. பாகங்களின் இடம் மாறலாம், ஒழுகும் விதம் பெரும்பாலும் இதேதான்.

புதிதாக இறங்குகிறவர்கள் வழக்கமாகச் செய்வது கதவு ரப்பரை வாங்கி மாட்டுவது. அதிலேயே சரியாகிவிட்டால் அதிர்ஷ்டம். ஆகாவிட்டால் பணமும் போய், ஒழுகலும் அப்படியே இருக்கும். கழுவும் சுற்றில் எந்தக் கட்டத்தில் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதில் பழைய மெஷினுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதன் டைமர் கையால் திருகுவது. நிரப்புவது, கழுவுவது, வெளியேற்றுவது என்று வேண்டிய கட்டத்துக்கு டயலைத் திருப்பி, அந்த ஒன்றை மட்டும் சோதிக்கலாம். டயலை எப்போதும் கடிகாரம் சுற்றும் திசையில்தான் திருப்ப வேண்டும், அதுவும் மெஷினை நிறுத்திவிட்டு. பின்பக்கமாகத் திருகினால் டைமர் கெட்டுப்போகும். அதற்கு மாற்று கிடைப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம்.

கை வைப்பதற்கு முன்

இந்த மெஷின்கள் 120 வோல்ட்டில் ஓடுபவை. பலவற்றில் பிளக் இருக்காது, வயர் நேராக உள்ளே இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே பிரேக்கர் பெட்டியில்தான் நிறுத்த வேண்டும். பழைய வீடுகளில் பிரேக்கருக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். "டிஷ்வாஷர்" என்று பென்சிலில் கிறுக்கியிருப்பது குளியலறை விளக்காகவும் இருக்கும். நிறுத்தியபின், தொடாமலே மின்சாரம் இருப்பதைக் காட்டும் டெஸ்டரை வயருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். சில மோட்டார்களோடு கெப்பாசிட்டர் இருக்கும். மின்சாரத்தை நிறுத்தியபிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம், அதன் முனைகளைத் தொட வேண்டாம். தரையில் தண்ணீர் நின்றால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள்.

அடுத்து தண்ணீர். சிங்க்குக்குக் கீழே வெந்நீர்க் குழாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதை மூடுங்கள். பல வருடமாகத் திருகாத வால்வு என்றால், மூடும்போது அதன் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியத் தொடங்கலாம். பயப்பட வேண்டாம், தண்டின் அடியில் இருக்கும் நட்டை ஸ்பேனரால் லேசாக முறுக்கினால் நின்றுவிடும்.

இன்னொன்று. மிகப் பழைய மெஷின்களில் வயர்களின் மேலுறையிலோ ஒலி தடுக்கும் போர்வையிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு உண்டு. நூல் நூலாகப் பிரியும் சாம்பல் நிறப் பொருள் எதையும் சுரண்டவோ கிழிக்கவோ வேண்டாம்.

கருவிகள் அதிகம் தேவையில்லை: ஸ்க்ரூடிரைவர், கால் இன்ச் மற்றும் 5/16 இன்ச் நட் டிரைவர், ஒரு ஸ்பேனர், டார்ச், ரசமட்டம், பழைய துண்டுகள், தாழ்வான தட்டு, கொஞ்சம் செய்தித்தாள். போனில் படம் எடுத்துக்கொண்டே பிரியுங்கள்.

கதவுக்குக் கீழே தரையையொட்டி ஒரு தகடு இருக்கும். அதன் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் பம்ப், மோட்டார், ஹோஸ்கள், வால்வு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். அந்தத் தகட்டுக்குப் பின்னால் பல மெஷின்களில் மடித்த காகிதம் ஒன்று செருகியிருக்கும்: வயரிங் படமும் டைமர் அட்டவணையும். அதைப் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள்.

தண்ணீரைப் பின்தொடர்வது

மெஷினின் அடியில் செய்தித்தாளை விரியுங்கள். தரையில் பரவிவிட்ட தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. காகிதத்தில் விழும் முதல் சொட்டு சொல்லும். அதன் நேர் மேலே டார்ச் அடித்துப் பாருங்கள். வெண்மையாகவோ துரு நிறத்திலோ ஒரு கோடு இறங்கியிருந்தால், பல நாளாக அங்கே கசிந்து காய்ந்திருக்கிறது என்று பொருள். மெஷின் ஓடும்போது கீழ்த்தகடு இல்லாமல் மின்முனைகள் திறந்தே இருக்கும், ஆகவே கண்ணால் மட்டும் பாருங்கள், கை உள்ளே போகக் கூடாது.

மெஷின் ஓடாதபோதே தரை ஈரமாகிறதா? அப்படியானால் தண்ணீர் வரும் பக்கத்தில்தான் கோளாறு. தொட்டிக்குள்ளும் காலையில் கொஞ்சம் தண்ணீர் நின்றிருந்தால், உள்ளே விடும் வால்வு முழுதாக மூடவில்லை. தொட்டி காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரம் என்றால், குழாய் வால்வோடு சேரும் இணைப்பைப் பாருங்கள். அங்கே இரண்டு வகை மறை (திருகும் வரிகள்) உண்டு. வால்வுக்குள் திருகும் எல்போவின், அதாவது முழங்கை போல வளைந்த இணைப்பின், மறைக்கு டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு பித்தளை வளையம் நசுங்கித்தான் தண்ணீரைத் தடுக்கிறது, அங்கே டேப்புக்கு வேலையே இல்லை. கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் அரைச் சுற்று. கசிந்தால் இன்னும் கொஞ்சம். முழு பலத்தோடு முறுக்கினால் வளையம் கோணிப்போய், நின்ற கசிவும் திரும்ப வரும்.

நிரம்பும்போது ஒழுகினால், டயலை நிரப்பும் கட்டத்தில் வைத்து, நிரம்பி முடிந்ததும் நிறுத்திக் கதவைத் திறந்து நீர்மட்டத்தைப் பாருங்கள். பல மெஷின்களில் அடியில் இருக்கும் ஹீட்டர் வளையத்தைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர் நிற்க வேண்டும். கதவு விளிம்பு வரை ஏறியிருந்தால் நிரப்பல் அதிகம்.

இது ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பழைய மெஷின்களில் பல, தண்ணீரை அளந்து நிறுத்துவதில்லை. இத்தனை விநாடி வால்வு திறந்திருக்கட்டும் என்று டைமர் விடும், அவ்வளவுதான். உள்ளே மிதக்கும் சின்ன மிதவை கடைசிக் காவல் மட்டுமே. அந்த விநாடிகளில் சரியான அளவு தண்ணீர் வருவதற்காக வால்வுக்குள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் வாஷர் ஒன்று இருக்கிறது. யாராவது முன்பே வால்வை மாற்றியிருந்து, நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்ற அளவு பொருந்தாததைப் போட்டிருந்தால், மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் நிரம்பி வழியும். கதவு ரப்பரை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது. புது வால்வு வாங்கும்போது "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்ற வார்த்தையைவிட அந்த ஓட்ட அளவைப் பாருங்கள். மிதவையைத் தூக்கி, ஒட்டிக்கொள்ளாமல் ஏறி இறங்குகிறதா என்றும் சோதியுங்கள். நம் வீட்டு மெஷின்களில் அதன் அடியில் கறிவேப்பிலையும் கடுகும் போய் அடைந்திருப்பது சகஜம்.

மட்டம் சரி, ஆனாலும் கீழே சொட்டுகிறது என்றால், நிரப்பியபடியே மெஷினை நிறுத்தி அரைமணி நேரம் சும்மா விடுங்கள். தண்ணீர் அசையாமல் நிற்கும்போதே சொட்டினால் தொட்டியின் அடியில்தான் ஓட்டை: தண்ணீர் வந்து சேரும் அடிக்குழியின் கேஸ்கட், ஹீட்டர் கால்கள் தொட்டியைத் துளைத்து இறங்கும் இடத்தின் ரப்பர், மோட்டார் சீல், அல்லது துருப்பிடித்த தொட்டி. நிற்கும்போது காய்ந்தே இருந்து, பம்ப் ஓடியதும் ஒழுகினால் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

கழுவும்போது வரும் தண்ணீர்

முன்பக்கமாக வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

முன்பக்கமென்றால் முதல் சந்தேகம் நுரை. கையால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவத்தை யாரோ ஊற்றியிருப்பார்கள், அல்லது தேய்த்த பாத்திரத்தை அலசாமல் அடுக்கியிருப்பார்கள். நுரை எந்த ரப்பரையும் தாண்டி வரும். ஒரு கப் வினிகர் ஊற்றி, வெளியேற்றும் கட்டத்துக்குத் திருப்பி, வெறும் தண்ணீரில் இரண்டொரு தடவை ஓட்டுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது மட்டம். கதவு திறந்த நிலையில் தொட்டியின் விளிம்பில் ரசமட்டத்தை வையுங்கள். மெஷின் முன்னால் சாய்ந்திருந்தால் தண்ணீர் கதவு விளிம்பில் சேரும். முன்கால்களைத் திருகி உயர்த்தலாம். அப்புறம், தண்ணீர் பீய்ச்சும் சுழல் கை. அதில் விரிசல் இருந்தாலும், துளை அடைத்துக்கொண்டு சுழலாமல் நின்றாலும், தாரை ஒரே இடத்தில் கதவு இடுக்கைக் குறிவைத்து அடிக்கும். கையால் சுழற்றிப் பாருங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி எதிலும் இடிக்கக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் கதவு ரப்பர். ஒரு காகிதத் துண்டைக் கதவு இடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அமுங்கிப்போயிருக்கிறது. சுற்றிலும் இப்படிச் செய்யுங்கள். பல மெஷின்களில் ரப்பர் மூன்று பக்கம் மட்டுமே இருக்கும், கீழ்ப்பக்கம் தண்ணீரை உள்ளே திருப்பிவிடும் தகடுதான் இருக்கும். "கீழே ரப்பரையே காணோம்" என்று பதற வேண்டாம்.

குக்கர் கேஸ்கட் மாதிரிதான் இதுவும், வருடக்கணக்கில் சூடு பட்டு விறைத்துவிடும். பழையதை ஒரு முனையிலிருந்து மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் சோப்பும் கொழுப்பும் படிந்து கல்லாகியிருக்கும். பழைய பல்துலக்கியும் வினிகரும் கொண்டு சுத்தமாகத் தேயுங்கள், இல்லாவிட்டால் புது ரப்பர் மேடாக உட்காரும். உலோக ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் பீங்கான் பூச்சு தெறிக்கும், அங்கே துரு ஆரம்பிக்கும். புது ரப்பரை வெந்நீரில் ஊறவைத்து மிருதுவாக்கி, மேல்பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் சமமாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். நீளம் மிச்சமானால் உடனே வெட்டாதீர்கள். பின்னால் தள்ளித் தள்ளி அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே அடங்கிவிடும்.

அடியிலிருந்து வந்தால் ஹோஸ்களையும் மோட்டார் சீலையும் பார்க்க வேண்டும். ஹோஸை விரலால் அமுக்கி வளையுங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், உள்விட்டம் அதேயாக இருக்க வேண்டும். முனை மட்டும் விறைத்திருந்து நீளமும் போதுமானதாக இருந்தால், அரை இன்ச் வெட்டிவிட்டுப் புது கிளாம்ப் போட்டால் போதும்.

மோட்டார் சீல்

சொட்டு மோட்டாரின் நடுத்தண்டுக்கு அருகில் விழுந்து, மோட்டாரின் மேல் வெண்கோடுகள் இருந்தால் குற்றவாளி சீல்தான். இதை மாற்ற ஒரு நாள் ஒதுக்குங்கள்.

சீல் என்பது இரண்டு முகங்கள். ஒன்று பீங்கான் வளையம், ரப்பர் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும், அசையாது. இன்னொன்று கார்பன் வளையம், ஸ்பிரிங் அழுத்தத்தில் தண்டோடு சேர்ந்து சுழலும். கண்ணாடி போல இழைத்த இந்த இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று உராய்ந்துகொண்டே தண்ணீரைத் தடுக்கின்றன. இடையில் இருக்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் அவற்றைக் குளிரவைக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் முகங்கள் சூடேறிக் கீறிவிடும். அதனால்தான் பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் மெஷினை வாங்கிய அன்றே ஓட்டக் கூடாது. அடிக்குழி நிறையத் தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டுவிட்டு ஓட்டுங்கள். காய்ந்து ஒட்டிக்கொண்ட முகங்கள் சேதமில்லாமல் விடுபட வாய்ப்பு உண்டு.

பிரிக்கும் வரிசை மேலிருந்து கீழ்: சுழல் கை, வடிகட்டி, பம்ப் மூடி, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர், அதன் அடியில் சீல். இம்பெல்லரைப் பிடித்திருக்கும் நட்டோ போல்ட்டோ சில மாடல்களில் இடது மறை. திரும்ப மறுத்தால் பலத்தைக் கூட்டுவதற்கு முன் எதிர்த்திசையில் முயன்று பாருங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் ஒரு துண்டின் மேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்கிக்கொண்டே வாருங்கள். நடுவில் வரும் மெல்லிய தகட்டு வளையங்களை விட்டுவிடாதீர்கள், இம்பெல்லரின் உயரத்தை நிர்ணயிப்பவை அவைதான்.

தண்டை உப்புத்தாள் கொண்டு லேசாகத் தேய்த்துத் துருவை நீக்குங்கள். அந்தத் தூள் கீழே விழாமல் துணி போட்டுக்கொள்ளுங்கள். புது சீலின் ரப்பர் பகுதிகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் சுலபமாக உள்ளே வழுக்கும். எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், ரப்பர் ஊதிவிடும். பீங்கான் முகத்தையும் கார்பன் முகத்தையும் விரலால் தொடவே வேண்டாம். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். முகம் முகத்தைப் பார்த்து உட்கார வேண்டும். பீங்கான் வளையத்தின் இழைத்த பக்கம் எது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

தண்டைக் கையால் சுற்றும்போது கரகரவென்றாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, தண்ணீர் பேரிங்வரை போய்விட்டது. பேரிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றினால் ஆடுகிற தண்டு புது சீலையும் சீக்கிரம் தின்றுவிடும்.

உதிரிபாகத்துக்கு முதலில் மாடல் எண்ணைக் கண்டுபிடியுங்கள். கதவின் ஓரத்திலோ தொட்டியின் முன்விளிம்பிலோ ஒரு தகட்டில் இருக்கும். பழைய கிச்சன்எய்டில் கேடிஎஸ் (KDS) என்று தொடங்கினால் சுப்பர்பா வரிசை, கேடிஐ (KDI) என்றால் இம்பீரியல் வரிசை. பல வருடங்களுக்கு முன் தயாரித்து, பிரிக்காமல் கிடந்த பொருட்கள் இணையத்தில் விற்பனைக்கு வரும். உலோக பாகமென்றால் தாராளமாக வாங்கலாம். ரப்பருக்கு அது பொருந்தாது. பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். வளைத்துக் காட்டும் படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சீல் கிடைக்காவிட்டால், பழையதையும் தண்டின் விட்டத்தையும் வெர்னியரில் அளந்துகொண்டு பம்ப் உதிரிபாகக் கடைக்குப் போனால் பொருத்தமானது கிடைக்கக்கூடும்.

வெளியேற்றும்போது

பெரும்பாலும் சின்ன விஷயம். வடிகால் ஹோஸ் ஒட்டும் இடம், அதன் கிளாம்ப், அல்லது அடைப்பு. சிங்க் ஓரத்தில், வடிகால் ஹோஸ் போகும் வழியில் நிற்கும் சின்னக் குமிழிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் மெஷினில் குறையில்லை, அந்தக் குமிழுக்கும் சாக்கடைக்கும் இடையில்தான் அடைப்பு. சிங்க்கின் அடியில் புதிதாகக் கழிவு அரைக்கும் மெஷின் மாட்டிய பிறகு இது தொடங்கியதென்றால், அதன் பக்கவாட்டுத் துளையில் இருக்கும் அடைப்பானைத் தட்டி எடுக்க மறந்திருப்பார்கள்.

சரியா என்று பார்ப்பது

வேலை முடிந்ததும் கீழ்த்தகட்டை உடனே மாட்டாதீர்கள். வெறும் தண்ணீரில் முழுச் சுற்று ஒன்று, பிறகு பாத்திரமும் சோப்பும் போட்டு ஒன்று. சூட்டில் ரப்பரும் உலோகமும் விரிந்த பிறகு வருகிற கசிவு குளிர்ந்த தண்ணீரில் தெரியாது. புது சீல் முதல் சுற்றில் ஓரிரு சொட்டு விடலாம், முகங்கள் பழகியதும் நிற்க வேண்டும். அடுத்த சில நாள் அடியில் புதுச் செய்தித்தாள் இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், தண்ணீர் பட்டால் ஒலிக்கும் பேட்டரி அலாரம் ஒன்றை அங்கே போட்டுவைப்பதும் நல்லது. மெஷினின் அடியில் இருக்கும் மரத்தரையை விரலால் அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் அதையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாகத் தொட்டி. பூச்சு தெறித்த சின்ன இடத்தில் துருவைத் தேய்த்து நீக்கி, வெந்நீரைத் தாங்கும் இரண்டு பாக எப்பாக்ஸி பூசி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் முழுதும் காயவிட்டால் நீடிக்கும். ஆனால் அடிக்குழியைச் சுற்றியுள்ள கழுத்துப்பகுதியே அரித்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டால் உதிர்கிறது என்றால் அந்த மெஷினுக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். டைமர், மோட்டார், ரேக், கதவு ஸ்பிரிங் இவற்றைக் கழற்றி மாடல் எண்ணோடு விற்பனைக்குப் போடுங்கள். அதே மெஷினை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர் யாராவது வாங்கிக்கொள்வார்.